விலிமைனா தன் தம்பியோடு பேசினாள்

அந்தக் காலத்துப் பேருந்துகளுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் மேலே சுருட்டிக் கட்டியிருக்கும் தார்ப்பாயை அவிழ்த்துவிடுவார்கள். மழை விட்டதும் மறுபடியும் சுருட்டுவார்கள். வனுவா லெவு தீவின் தென்கரை நெடுக, தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே, பள்ளத்துக்குப் பள்ளம் குதித்துக்கொண்டு அந்தப் பேருந்து போகும். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் விலிமைனா உட்கார்ந்திருப்பாள். மடியில் யங்கோனா வேர்க்கட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கிற வேர். காலடியில் காலி நண்டுக்கூடை. கூடைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கட்டுத் தாள்.

"சீடோ வந்தாச்சு! சீடோ வந்தாச்சு!" என்று கரையோர ஊர்களில் பிள்ளைகள் கத்துவார்கள்.

சீடோ என்பது அந்தத் தாளின் பெயர். பெண்களை ஒதுக்குவதையும் ஒடுக்குவதையும் ஒழிக்கிறோம் என்று உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை அது. அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல யாராலும் முடியாது; அதனால் சுருக்கிக் கூப்பிட்டார்கள். ஃபிஜி அதில் சேர்ந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கரையோரத்துப் பாட்டிமார்கள் சீடோ என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று விசாரித்தார்கள். விலிமைனா, "இன்னும் இல்ல, நல்ல பையனா இருந்தா சொல்லுங்க" என்பாள்.

இப்போது அந்தப் பாதை முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். பேருந்துக்குக் கறுப்புக் கண்ணாடியும் குளிர்காற்றும் வந்துவிட்டன. தலை நரைத்த விலிமைனா அதில் ஏறினால் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொள்கிறாள். வெளியே யார் கத்தினாலும் கேட்பதில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை.

அந்த வேலைக்கு அவள் போனதே தற்செயல்தான். டவுனில் மார்க்கெட்டுக்கு எதிரே, துணிக்கடை மாடியில், பெண்கள் உதவி மையம் என்று ஓர் அறை திறந்தார்கள். மாடிப்படியின் அடியில் விலிமைனா நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். படியேற வரும் பெண்களை அவள் பார்ப்பாள். அவர்கள் நேராக ஏற மாட்டார்கள். முதலில் நண்டுக்கு விலை கேட்பார்கள், இரண்டு பக்கமும் பார்ப்பார்கள், அப்புறம் சட்டென்று ஏறிவிடுவார்கள். விலிமைனா தலையைத் தூக்காமலே, "மேல ஒரு படி ஆடும், பாத்துப் போங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மையத்தை நடத்தியவள் சுரோஜினி. லம்பாசா பக்கத்துக் கரும்புக்காட்டுக் குடும்பம். குட்டையாக, வேகமாக நடப்பாள். பையில் எப்போதும் வறுத்த பட்டாணி இருக்கும். ஒருநாள் படியிறங்கி வந்து நண்டுப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விலி, உங்க ஆளுங்க ஊருக்கெல்லாம் போறேன். பாய் விரிச்சு உக்கார வெக்கிறாங்க, மீன் போடுறாங்க, நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறாங்க. நான் கிளம்பினதும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஏன்?"

"வேர் கொண்டு போனியா?"

"எந்த வேர்?"

விலிமைனா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நண்டு நழுவி, துணிக்கடைக்குள் ஓடிவிட்டது. கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். யங்கோனா வேரைத் தலைவர் முன்னால் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஓர் ஊருக்குள் ஒரு வார்த்தை பேசலாம். அது இல்லாமல் பேசினால் காற்றோடு பேசின மாதிரி. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த சுரோஜினிக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்திய வம்சாவளி, ஃபிஜியர் என்று இரண்டு கூட்டமும் அப்படித்தான் அக்கம்பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தன.

அப்படிச் சேர்ந்துகொண்ட இருவரும் முதலில் போனது விலிமைனாவின் சொந்த ஊரான வுனிதோங்கோவுக்கு. வேர்க்கட்டை விலிமைனா முறைப்படி எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். சுரோஜினி எல்லாம் சரியாகவே செய்தாள். கடைசியில் ஒரே ஒரு தப்பு: மடியிலிருந்த உடன்படிக்கைத் தாளையும் வேருக்குப் பக்கத்திலேயே பாயில் வைத்துவிட்டாள்.

ஊரின் பேச்சாளர் பெதெலி சித்தப்பா வேரைத் தொட்டார். தாளையும் தொட்டார். ஆண்கள் எல்லோரும் உள்ளங்கையைக் குழித்து, ஆழமாகக் கைதட்டினார்கள். "கடல் தாண்டி வந்த இந்தத் தாளை எங்கள் மண் ஏற்றுக்கொண்டது. இது பலிக்கட்டும்" என்று அவர் ராகம் போட்டுச் சொன்னார். அப்புறம் யங்கோனா கரைத்தார்கள், குடித்தார்கள், மீன் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தாளுக்குச் சட்டம் போட்டு, தலைவர் வீட்டில் கிறிஸ்தவக் கோயில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியும் விட்டார்கள்.

திரும்பி வரும்போது சுரோஜினிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒரே நாள்ல முழு ஊரும் ஏத்துக்கிச்சு, விலி!"

"ஆமா. ஏத்துக்கிட்டாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"ஏத்துக்கிட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். இனி அதை யாரும் பிரிச்சுப் படிக்க மாட்டாங்க. படிச்சா மரியாதைக் குறைவு."

சுரோஜினி கொஞ்ச நேரம் பட்டாணியை மென்றாள். "நம்ம அரசாங்கமும் இதையேதான் செஞ்சிருக்கு" என்றாள். ஓட்டுநர் சேமி முன்னாலிருந்து, "அப்ப அரசாங்கம் மீன் போட்டுச்சா?" என்று கேட்டான். அவன் விலிமைனாவுக்கு மச்சான் முறை. கேலி பேசாவிட்டால்தான் தப்பு.

அதற்கப்புறம் தாளைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்கள். சமையல்கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டே வரி வரியாகச் சொன்னார்கள். அந்த மதியங்களை நினைத்தால் விலிமைனாவுக்கு இன்றைக்கும் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வருகிறது. யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரருக்கு வாய்க்கு முன்னாடி கை நீளும்" என்று ஆரம்பிப்பாள். சிரிப்பு பாதியில் நிற்கும். பிறகு இன்னொருத்தி பேசுவாள். சுரோஜினி இப்போது பிரிஸ்பேனில் மகள் வீட்டில் இருக்கிறாள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்தக் கொட்டகைகளைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள், விலிமைனாவின் தம்பி மகள் மகரேத்தா மாடிப்படி அடியில் வந்து நின்றாள். அவள் நண்டுக்கு விலை கேட்கவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"விழுந்துட்டேன்னு சொல்லப் போறியா?" என்றாள் விலிமைனா.

"இல்ல அத்தை. விழல."

மகரேத்தாவைக் கட்டிக்கொடுத்திருந்தது வளைகுடாவின் அக்கரை ஊரில். கணவன் கிதியோனே படகு ஓட்டுபவன், நன்றாகப் பாடுவான், குடித்தால் துடுப்பை எடுப்பான். ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். சுரோஜினி கூடவே போய்க் காவல் நிலையத்தில் புகார் எழுத வைத்தாள். எழுதி முடித்து, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த மகரேத்தா, "பசிக்குது" என்றாள். சீன உணவுக் கடையில் இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அந்தத் தெளிவு அடுத்த நாள் பேருந்து வரும்வரைதான். சேமி வண்டியை நிறுத்திவிட்டு நேரே நண்டுக்கடைக்கு வந்தான். கேலி எதுவும் பேசவில்லை. அதிலிருந்தே விலிமைனாவுக்குப் புரிந்துவிட்டது.

"சனிக்கிழமை அக்கரைக்காரங்க வராங்க, மச்சினி. தம்புவாவோட."

தம்புவா என்பது திமிங்கிலப் பல். எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத் தேநீர் நிறம் ஏறியிருக்கும். இரண்டு முனையிலும் பின்னிய கயிறு கட்டியிருக்கும். பெண் கேட்பதற்கும், சாவுக்கும், மன்னிப்புக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். மன்னிப்புக்குக் கொடுப்பதற்குப் புலுபுலு என்று பெயர்; அதாவது புதைத்தல். பெண்ணின் தகப்பன் அந்தப் பல்லை வாங்கி முத்தமிட்டுவிட்டால் நடந்தது புதைந்துபோய்விடும். அதன் பிறகு அதைப் பற்றி வாய் திறப்பதே குற்றம். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று குடும்பமே போய்ச் சொன்னால் கோர்ட்டும் விட்டுவிடும். பெண் மறுநாள் கணவன் வீட்டுக்குக் கிளம்புவாள். அவளை யாரும் கேட்பதில்லை; வாங்கும் இடத்தில் அவளுக்கு இடமே இல்லை.

"அப்பா வாங்கிட்டா நான் போய்த்தான் ஆகணும், அத்தை" என்றாள் மகரேத்தா. "அவர் கைநீட்டி வாங்கினதை நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

"போகணும்னு உனக்கு இருக்கா?"

மகரேத்தா மாவுக்கட்டைச் சொறிய முடியாமல் ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "அந்தத் துடுப்பு இன்னும் அங்கதான் சாத்தி வெச்சிருக்கு" என்றாள்.

சனிக்கிழமைக்குள் அபிசாயிடம் பேச வேண்டும். அதுதான் முடியாத காரியம்.

அபிசாய் விலிமைனாவின் தம்பி. சின்ன வயதில் இரண்டு பேரும் அலையாத்திக் காட்டுச் சேற்றில்தான் வளர்ந்தார்கள். அவன் நண்டின் பின்னங்காலை அழுத்திப் பிடிப்பான், அவள் கொடியால் கட்டுவாள். கடிபட்டால் ஒருவர் விரலை ஒருவர் உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு சிரிப்பார்கள். அவள் வயதுக்கு வந்ததோடு அது நின்றது. வளர்ந்த அக்காளும் தம்பியும் நேருக்கு நேர் பேசக்கூடாது, அவர்கள் பக்கத்து வழக்கம் அது. அவள் முன்வாசலில் நுழைந்தால் அவன் பக்கவாசல் வழியாக இறங்கிவிடுவான். பகை அல்ல, அதுதான் மரியாதை. தன் அக்காள் மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்று ஊருக்கே தெரியும். அவள் கடையில் விற்ற நண்டெல்லாம் அவன் பிடித்து, பேருந்தில் ஏற்றி அனுப்பியதுதான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை விலிமைனா மகரேத்தாவைக் கூட்டிக்கொண்டு வுனிதோங்கோவுக்குப் போனாள். சமையல்கொட்டகையில் தம்பி மனைவி தோரிகா கீரைத்தண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்கு வெளியே, ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம், அபிசாய் வலை பின்னிக்கொண்டிருந்தான். விலிமைனா தட்டியைப் பார்த்து உட்கார்ந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"தோரிகா, உன் வீட்டுக்காரர் நாளைக்குப் பல்லை வாங்கப் போறாராமே?"

"நான் என்ன ரேடியோவா மதினி? என்கிட்ட ஏன் கத்துற? என் காது நல்லாத்தான் இருக்கு."

"உன் காதுக்குச் சொல்லல."

தட்டிக்கு அந்தப் பக்கம் வலைக்கட்டை விழும் சத்தம் நின்றது. பிறகு அபிசாய் குரல். "தோரிகா, வர்றவங்க பல்லைத் திருப்பி அனுப்பினா என்ன ஆகும்னு உன் மதினிக்குத் தெரியாதான்னு கேளு. ஒரே பவளப்பாறையிலதான் ரெண்டு ஊரும் மீன் பிடிக்குது. கோயிலுக்குக் கூரை போட்டது அவங்க. நான் மட்டும் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போகவா?"

"கேட்டியா மதினி? கூரை, பாறை, மூஞ்சி" என்றாள் தோரிகா.

"கூரையும் பாறையும் இருக்கட்டும். கை உடைஞ்சது யாருக்கு?"

"கை உடைஞ்சது யாருக்குன்னு கேக்குறாங்க" என்று தோரிகா தட்டியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் தன் குரலில், "நானும்தான் கேக்குறேன்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

"அந்தத் தாளை நீங்கள்லாம் கை தட்டித்தானே வாங்கினீங்க" என்றாள் விலிமைனா. "வழக்கம், சம்பிரதாயம்னு சொல்லிப் பொம்பளைய அடிக்கிறதை மூடிவைக்க விடக்கூடாதுன்னுதான் அந்த உடன்படிக்கையில நாடே வாக்குக் கொடுத்திருக்கு."

வெளியே நீளமாக ஒரு பெருமூச்சு. "தோரிகா, அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த பேச்சு. நியூயார்க்ல இருக்கிறவங்க வந்து எங்களுக்குப் படகு தள்ள மாட்டாங்கன்னு சொல்லு."

அதோடு அவன் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். தோரிகா உரித்த தண்டையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, நீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில், அக்கரையிலிருந்து படகு புறப்பட்டதைப் பிள்ளைகள் பார்த்துச் சொன்னார்கள். அபிசாய் விருந்துக்கு நண்டு எடுக்க அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தான். விலிமைனா பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஏன் இறங்குகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. தோரிகா இல்லாமல், சேமி இல்லாமல், நடுவில் ஒரு தட்டிகூட இல்லாமல் போகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

அவன் குனிந்து ஒரு வளைக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான்.

"அபி" என்றாள்.

அவன் கையை எடுக்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நான் பேசுறேன். நீ பேச வேணாம். எனக்காக என்னைக்குப் பல்லு வந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நீ அப்ப பள்ளிக்கூட விடுதியில இருந்த. நான் என் புருஷன் வைசேயா வீட்டுலேர்ந்து நடந்தே தப்பி வந்தேன். காயம்கூட ஆறல. அப்பா வாங்கினாரு. நான் கொட்டகையில தேங்கா துருவிட்டு இருந்தேன். கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்படித்தான் எனக்கே தெரிஞ்சுது, என்னைத் திருப்பிக் கொடுத்தாச்சுன்னு. அப்பாவை நான் குறை சொல்லல. அவர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. சொல்லக்கூடாதே. அப்புறம் அந்த ஆளைக் கடல் கொண்டு போற வரைக்கும் அங்கதான் இருந்தேன். இந்தப் பக்கக் காது போனது அங்கதான். புதைச்சதுன்னு நீங்கள்லாம் சொல்றீங்க, அபி. புதைச்சது என்னைத்தான்."

அலையாத்தி வேர்களுக்குள் தண்ணீர் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அபிசாய் வளையிலிருந்து கையை மெல்ல எடுத்தான். நண்டு இல்லை. விரல் நுனியில் ரத்தம். அதை அவன் பார்க்கவில்லை.

"எந்தக் காது?" என்று கேட்டான்.

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்குத் தெரியாது, அக்கா. கூப்பிட்டா நீ திரும்ப மாட்டேங்கிறன்னு தோரிகா சொல்லுவா. டவுனுக்குப் போனதும் பெருமை வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"பெருமையும் கொஞ்சம் உண்டு" என்றாள் விலிமைனா.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அவன் கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வாங்குவேன் என்றும் சொல்லவில்லை, வாங்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கரைக்காரர்கள் வந்து, குனிந்தபடி வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். கிதியோனேயின் பெரியப்பா ஐசேயாதான் அவர்களுக்குப் பேச்சாளர். கிதியோனே எல்லோருக்கும் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் வாசலோரம், பாயின் கடைசியில். மகரேத்தா அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவள் மூச்சு விலிமைனாவின் தோளில் சூடாகப் பட்டது.

ஐசேயா தம்புவாவை இரண்டு கையிலும் ஏந்திப் பேசினார். அழகாகப் பேசினார். எங்கள் பிள்ளை தவறினான், எங்கள் தலை உங்கள் காலடியில், பழைய உறவை உடைக்காதீர்கள் என்றார். ஊர்ப் பெரியவர்கள் கண் துடைத்தார்கள். அபிசாய் முன்னால் நகர்ந்து கைநீட்டினான்.

விலிமைனா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் பல்லை வாங்கி முத்தமிட்டான். ஆண்கள் கை தட்டினார்கள். அதே ஆழமான சத்தம். முதுகுக்குப் பின்னால் மகரேத்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

"இந்தப் பல்லை நான் வாங்கிட்டேன்" என்று அபிசாய் சொன்னான். அவன் பேச்சாளன் அல்ல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். "நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல இருந்த கோவத்தை இதோட புதைக்கிறேன். பாறையில பழையபடி மீன் பிடிப்போம். கோயில்ல பழையபடி பாடுவோம். என் வீட்டுக்கு வந்த அவமானம், அதுவும் போச்சு. அதெல்லாம் என்னுது, என்னால கொடுக்க முடியும்." பல்லை மடியில் இறக்கிக்கொண்டான். "கை என்னுது இல்ல. அது மகரேத்தாவோடது. அதைப் புதைக்க எனக்கு உரிமை இல்ல."

ஐசேயா சட்டென்று நிமிர்ந்தார்.

"இது என்ன அரைப் புதைப்பா? அபிசாய், என் ஆயுசுல இப்படி நான் கேட்டதில்ல. பல்லை வாங்கிட்டுப் புகாரையும் வெச்சிருப்பியா?"

பெதெலி சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "நானும் கேட்டதில்லதான்" என்றார். "ஆனா அவன் சொன்னதுல பொய் எதுவும் இருக்கிற மாதிரி தெரியலயே, ஐசேயா. கை அவளோடதுதானே?"

"அப்ப அவளையே கேப்போமா? பொம்பளையக் கேட்டா பல்லு வாங்குறது?" என்று ஐசேயா கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார். எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

மகரேத்தா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டாள். அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்த இடத்திலிருந்து ஒரு பெண் அதற்கு முன் பேசியதில்லை.

"பல்லுக்கு நன்றி, மாமா" என்றாள். "கோயிலுக்கு நானும் வந்து பாடுவேன். புகாரைத் திரும்ப வாங்கிக்க மாட்டேன். அந்த வீட்டுக்கும் வர மாட்டேன்."

கிதியோனே அப்போதுதான் முதல் முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஐசேயா அவனைக் கையால் அடக்கினார்.

யங்கோனா கரைத்து வைத்தாயிற்று. குடிக்காமல் எழுந்தால் அதுவும் தப்பு. அதனால் கிண்ணம் சுற்றி வந்தது. இரண்டாவது சுற்றில் ஐசேயா, "நண்டு வாசனை வருதே, சாப்பாடு உண்டா, இல்ல அதுவும் அரைதானா?" என்று கேட்டார். பெதெலி சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.

ஆனாலும் அது லேசில் ஆறவில்லை. அக்கரைப் பெண்கள் நெடுநாள் விலிமைனாவின் கடையில் நண்டு வாங்காமல் தாண்டிப் போனார்கள். "சீடோ வந்து குடும்பத்தைக் கெடுத்துடுச்சு" என்று கோயிலில் சிலர் பேசினார்கள். பிள்ளைகள்கூடக் கொஞ்ச நாள் கத்தாமல் இருந்தார்கள். விலிமைனாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

வழக்கு நாளன்று அபிசாய் நல்ல சுலு வேட்டி கட்டிக்கொண்டு, முதல் பேருந்தில் டவுனுக்கு வந்தான். கிதியோனேயின் வக்கீல் எழுந்து, இரு குடும்பமும் முறைப்படி சமாதானம் செய்துகொண்டாயிற்று, வழக்கை முடித்துவிடலாம் என்றார். மாஜிஸ்திரேட் அபிசாயைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. நாங்க சமாதானம் ஆயிட்டோம்" என்றான் அபிசாய். "அவ ஆகல."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு, குடும்பங்களின் சமாதானம் நல்லதுதான், ஆனால் அடிபட்டவளின் நியாயத்துக்கு அது ஈடாகாது, நம் நாடு சேர்ந்திருக்கும் உடன்படிக்கையும் அப்படித்தான் சொல்கிறது என்றார். சுரோஜினி விலிமைனாவின் கையைக் கிள்ளியே விட்டாள். கிதியோனேயைச் சிறைக்கு அனுப்பினார்கள். அதிக காலம் இல்லை. அவனை அழைத்துப் போகும்போது மகரேத்தா பார்க்காமல் இல்லை. பார்த்தாள், கண்ணும் கலங்கினாள்.

வெளியே வந்ததும் சுரோஜினி மையத்துக்கு ஓடினாள். அங்கே இன்னொருத்தி காத்திருந்தாள். மகரேத்தா ஐஸ்கிரீம் வாங்கி வருகிறேன் என்று கடைப் பக்கம் போனாள். பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் விலிமைனாவும் அபிசாயும் மட்டும் மிஞ்சினார்கள். நடுவில் இன்னும் இருவர் உட்காரும் இடம் இருந்தது. அவள் தன் கூடையைச் சரிசெய்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் சேமி வண்டிச் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு இவர்களையே பார்த்தான்.

"பசிக்குதா?" என்று அபிசாய் கேட்டான்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அலையாத்திக் காட்டுக்கு வெளியே, அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. பசிக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மரவள்ளிக்கிழங்கு வறுவல் இருந்தா சாப்பிடலாம்" என்றாள்.

"முதல் கடையில எண்ணெய் பழசு. ரெண்டாவது கடையில வாங்கணும்."

"ரெண்டாவது கடைக்காரி உப்பே போட மாட்டா."

"நீ எப்பவும் உப்பு அதிகமாத்தான் தின்னுவ."

அந்த நேரத்தில் விலிமைனா தலையைத் திருப்பினாள். மகரேத்தா மூன்று ஐஸ்கிரீமை ஒரு நல்ல கையாலும் ஒரு கட்டுப் போட்ட கையாலும் அணைத்துப் பிடித்தபடி தூணருகே நின்றிருந்தாள். ஐஸ்கிரீம் உருகி மாவுக்கட்டு மேல் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்தால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்று அவள் அங்கிருந்து நகரவே இல்லை. விலிமைனாவும் அவளைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு, "யாரு உப்பு அதிகமா தின்னா? நானா?" என்று தம்பியிடம் சண்டைக்குப் போனாள்.